அடுத்த வரிக்கு ஒரு கிளிக்

படமும் எழுத்துமாகக் கதை சொல்லும் விஷுவல் நாவல் விளையாட்டுகளில் ஒரு சின்ன வகை இருக்கிறது. அதில் விளையாடுபவர் எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. திரையில் ஒரு பின்னணிப் படம், அதன்மேல் ஒரு பாத்திரத்தின் உருவம், கீழே ஒரு பெட்டியில் இரண்டு மூன்று வரிகள், கூடவே இசை. கிளிக் செய்தால் அடுத்த வரி வரும். கிளைக்கதை கிடையாது, மாற்று முடிவு கிடையாது. பெரும்பாலும் சில மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

இந்த வகைக்குக் கைனெடிக் நாவல் என்று பெயர். ஜப்பானில் 2004-ல் வெளிவந்த 'பிளானட்டேரியன்' அந்தப் பெயரைத் தாங்கி வந்த முதல் விளையாட்டு. ஆளில்லாத நகரத்தின் கோளரங்கத்தில், பார்வையாளர் யாராவது வருவார்கள் என்று 30 வருடங்களாகக் காத்திருக்கும் ஒரு ரோபோ பெண்ணின் கதை. அதை முடித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அசையாத சில படங்களும் கொஞ்சம் எழுத்தும் ஒரு மனிதரை எப்படி இந்த அளவுக்குக் கலங்கடிக்கின்றன?

முதலில் அந்த முகம். ஒரு பாத்திரத்துக்குப் பெரும்பாலும் விரல்விட்டு எண்ணக்கூடிய முகபாவங்களே வரைந்திருப்பார்கள். மிச்சத்தை நம் மூளை நிரப்பிக்கொள்கிறது. ஃபிரிட்ஸ் ஹைடர், மரியான் சிம்மல் என்ற இரு உளவியலாளர்கள் 1944-ல் ஒரு சிறு படத்தைச் சிலருக்குப் போட்டுக் காட்டினார்கள். கதவுள்ள ஒரு செவ்வகத்தைச் சுற்றி இரண்டு முக்கோணங்களும் ஒரு வட்டமும் அங்குமிங்கும் நகரும், வேறொன்றும் இல்லை. என்ன பார்த்தீர்கள் என்று 34 பேரிடம் கேட்டபோது, ஒரே ஒருவர்தான் வடிவங்களின் நகர்வாக மட்டும் அதைச் சொன்னார். மற்றவர்கள் உயிருள்ளவை செய்யும் செயல்களாகவே விவரித்தார்கள். முக்கோணத்துக்கே மனம் கொடுத்துவிடுகிற நாம், கண்ணும் பெயரும் குரலும் உள்ள ஒரு உருவத்தைச் சும்மா விடுவோமா?

இசையின் வேலை இன்னும் நுட்பமானது. கதையின் தொடக்கத்தில், கலகலப்பான காட்சிகளில் ஒரு மெட்டு திரும்பத் திரும்ப ஒலிக்கும். நாம் அதைக் கவனிக்கக்கூட மாட்டோம். ஆனால் அந்தப் பாத்திரத்தோடு அது ஒட்டிக்கொண்டுவிடும். கடைசியில் அதே மெட்டு பியானோவில் மெதுவாக வரும்போது, எழுத்தைப் படிப்பதற்கு முன்பே தொண்டை அடைக்கிறது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் 2011-ல் நடந்த ஓர் ஆய்வில், தங்களைச் சிலிர்க்க வைக்கும் இசையைக் கேட்டவர்களின் மூளையில் இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமைன் என்ற ரசாயனம் சுரந்தது தெரிந்தது. உச்சகட்டத்தில் மட்டும் அல்ல, அது வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பிலேயே, மூளையின் வேறொரு பகுதியில், அது சுரந்திருந்தது.

ஆனால் என்னைக் கேட்டால், உண்மையான சூட்சுமம் அந்தக் கிளிக்கில்தான் இருக்கிறது.

சினிமாவில் நேரம் இயக்குநரின் கையில். புத்தகத்தில் நம் கையில்தான், ஆனால் கண் தப்பித்தவறி பக்கத்தின் கடைசி வரிக்குப் போய்விடும். இங்கே அடுத்த வரி மறைந்தே இருக்கிறது. நாம் தொட்டால்தான் வரும். பாத்திரம் பேசாமல் நிற்கும்போது பெட்டியில் வெறும் புள்ளிகள் மட்டும் தெரியும். அந்த மௌனத்தையும் கிளிக் செய்துதான் தாண்ட வேண்டும். இப்படி ஆயிரக்கணக்கான முறை அழுத்தி அழுத்தி, ஓர் உரையாடலின் தாளத்துக்கு நம் விரல் பழகிவிடுகிறது.

நரம்பியல் ஆய்வாளர் பேட்ரிக் ஹாகார்டும் அவருடைய சகாக்களும் 2002-ல் வெளியிட்ட ஒரு சோதனை இங்கே நினைவுக்கு வருகிறது. ஒருவர் தானாக ஒரு பொத்தானை அழுத்த, கால் நொடி கழித்து ஓர் ஒலி வருகிறது. அந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி அவருக்கு உண்மையில் இருந்ததைவிடக் குறைவாகத் தோன்றியது. அவர் நினைக்காமலேயே விரல் அசையும்படி காந்தத்தால் மூளையைத் தூண்டியபோது, அந்த நெருக்கம் இல்லாமல் போனது. நாமாகச் செய்த செயலையும் அதன் விளைவையும் மூளை சேர்த்து முடிச்சுப் போடுகிறது. இதைக் கைனெடிக் நாவலோடு இணைப்பது என் ஊகம்தான். ஆனாலும் பிரிவுக் காட்சியில் விரல் தயங்குவது ஏன் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தோன்றவில்லை. அழுத்தாமல் இருக்கும்வரை, விடைபெறப்போகும் அந்தப் பெண் அங்கேயே நிற்பாள். இசை சுற்றிச் சுற்றி ஒலித்துக்கொண்டிருக்கும். அழுத்தினால் போய்விடுவாள். அழுத்தப்போவது நாம்தான்.

சரி, தேர்வுகள் இருந்திருந்தால்? சோகமான முடிவு வந்ததும், முன்பு சேமித்து வைத்த இடத்திலிருந்து தொடங்கி வேறு பதிலைச் சொல்லிப் பார்க்கலாமே என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிடும். 'அப்படிச் செய்திருந்தால்' என்ற நினைப்பு வருத்தத்தை எடுத்துக்கொண்டு போய்க் குற்றவுணர்வில் விட்டுவிடும். ஒரே பாதை உள்ள கதையில் அந்தக் கதவே இல்லை. மிஞ்சுவது துக்கம் மட்டும்.

அப்புறம் கடைசியாக ஒன்று. இத்தனை மணி நேரம் அவள் நின்ற அதே பின்னணிப் படத்தை மறுபடி காட்டுவார்கள். அதே ஜன்னல், அதே வெளிச்சம். நடுவில் உருவம் மட்டும் இருக்காது. புதிதாக ஒரு கோடுகூட யாரும் வரையவில்லை. ஆனாலும் கண் அந்த இடத்துக்கே போகிறது.