ஒட்டுதல்: ‘அட்டாச்மென்ட்’டுக்கு நம் வீட்டிலேயே இருக்கும் சொல்

பால்வாடி ஆசிரியைகளுக்கான பயிற்சி ஒன்றில் ஒரு கையேட்டை வரிவரியாகப் படித்துக்கொண்டிருந்தோம். “முதல் இரண்டு ஆண்டுகளில் குழந்தையின் இணைப்பு உறுதியாக அமைய வேண்டும்” என்று ஒரு வரி வந்தது. பின்வரிசையில் இருந்த ஒருவர் கேட்டார்: “எதோட இணைப்பு, டீச்சர்?”

நியாயமான கேள்வி. மூலத்தில் ‘அட்டாச்மென்ட்’ என்று இருந்ததை யாரோ அகராதியைப் பார்த்து ‘இணைப்பு’ ஆக்கிவிட்டார்கள். மின்னஞ்சலோடு வரும் கோப்புக்கு அது சரி. கல்வி உளவியலில் தூண்டலுக்கும் அதற்கு எழும் துலங்கலுக்கும் நடுவே அமெரிக்க உளவியலாளர் தார்ன்டைக் பேசும் இணைப்பு வேறு இருக்கிறது. குழந்தை தன் மனிதரைத் தேடி ஓடுவதற்கு இந்தச் சொல் பொருந்தவில்லை. அந்த ஆசிரியைக்குப் புரியாமல் போனது அவர் குறையல்ல.

ஆங்கிலச் சொல்லின் வேரைப் பார்த்தால், பழைய பிரெஞ்சு மொழியில் முளைக்குச்சியைக் குறித்த ‘எஸ்தாஷ்’ என்ற சொல்லில் போய் நிற்கிறது. முளை அடித்துக் கட்டிவைப்பதுதான் ஆதிப் பொருள். ஆங்கிலத்தில் அது முதலில் சட்டச் சொல்லாக, ஆளையோ சொத்தையோ பிடித்துவைப்பது என்ற பொருளில் வழங்கியது. நம் ஊர் நீதிமன்றங்களில் ‘ஜப்தி’ என்கிறோமே, அதுவும் ஆங்கிலத்தில் அட்டாச்மென்ட்தான். மனிதர்மேல் வைக்கும் பிரியத்தைக் குறிக்கத் தொடங்கியது பிற்பாடு.

அந்தச் சொல்லைக் குழந்தை ஆய்வின் கலைச்சொல்லாக நிலைநிறுத்தியவர் இங்கிலாந்தின் மனநல மருத்துவர் ஜான் போல்பி. 1907-இல் லண்டனில் பிறந்தவர். அவரை வளர்த்தவர் ஒரு தாதி. போல்பிக்கு நான்கு வயதாக இருந்தபோது அந்தத் தாதி வேலையை விட்டுப் போய்விட்டார். அந்தப் பிரிவை அவர் கடைசிவரை மறக்கவில்லை. 1958-இல் குழந்தைக்கும் தாய்க்கும் உள்ள உறவின் இயல்பு பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பால் கொடுப்பதால்தான் குழந்தை தாயிடம் சேர்கிறது என்று அதுவரை பெரும்பாலோர் நம்பியதை அதில் மறுத்தார். பயந்தாலும், களைத்தாலும், உடம்புக்கு முடியாவிட்டாலும் தனக்கென்று உள்ள ஒருவரின் அருகே போய்ச் சேர்வது, பசியைப் போலவே தனித்து நிற்கும் ஒரு பிறவித் தேவை என்றார். அதே 1958-இல் அமெரிக்காவில் உளவியலாளர் ஹாரி ஹார்லோ தன் குரங்குக்குட்டி ஆய்வை வெளியிட்டார். பால் புட்டி பொருத்திய கம்பிப் பொம்மை ஒன்று, பால் இல்லாத துணிப் பொம்மை ஒன்று. குட்டிகள் பால் குடிக்கக் கம்பியிடம் போயின. மற்ற நேரமெல்லாம் துணிப் பொம்மையைக் கட்டிக்கொண்டு கிடந்தன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அட்டாச்மென்ட் என்பது அன்பின் அளவு அல்ல. அதற்கு ஒரு திசை உண்டு. குழந்தையிடமிருந்து பெரியவரை நோக்கிப் போவது அது. பெரியவரிடமிருந்து குழந்தையை நோக்கி வருவதை ஆய்வாளர்கள் ‘பாண்டிங்’ என்று தனியாகச் சொல்கிறார்கள். அடிக்கிற தகப்பனிடமும் குழந்தைக்கு அட்டாச்மென்ட் இருக்கும், ஏனென்றால் பயந்தால் ஓடுவதற்கு அதற்கு வேறு ஆள் இல்லை. தமிழில் ‘பிணைப்பு’ என்று போட்டால் இரண்டு திசையும் ஒன்றாகக் கலந்துவிடுகிறது.

சரி, ‘பாசம்’ ஆகுமா? வடமொழியில் பாசம் என்றால் கயிறு. எமன் கையில் இருப்பதும் அதுதான், சைவ சித்தாந்தத்தில் உயிரைக் கட்டிவைப்பதும் அதுதான். முளைக்குச்சிக்கும் கயிற்றுக்கும் பொருத்தம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் நம் பேச்சில் பாசம் பெரும்பாலும் பெரியவர் பிள்ளைமேல் வைப்பது. எனவே அதைப் ‘பாண்டிங்’குக்கு விட்டுவிடலாம்.

‘பற்று’ நல்ல சொல், வேலையும் நிறையச் செய்கிற சொல். தலைவலிக்குச் சுக்கை அரைத்து நெற்றியில் போடுவது பற்று. கணக்கில் வரவுக்கு எதிரே எழுதுவதும் பற்று. ஆனால் உள்ளத்தைப் பற்றிப் பேசும்போது அது விடவேண்டிய ஒன்றாகவே நம் மரபில் ஒலிக்கிறது. “பற்றுக பற்றற்றான் பற்றினை” என்று வள்ளுவர் சொன்னது துறவு அதிகாரத்தில். பதினொரு மாதக் குழந்தை விடவேண்டிய பற்று எதுவும் இல்லை. அது பிடித்தாக வேண்டிய வயது.

எனக்குப் பொருத்தமாகத் தோன்றுவது ‘ஒட்டுதல்’. நான் உருவாக்கிய சொல் அல்ல. “பிள்ளைக்குப் பாட்டிகிட்டதான் ஒட்டுதல்”, “ஊர்லேர்ந்து அப்பா வந்து நாலு நாளாச்சு, இன்னும் ஒட்டவே மாட்டேங்குது” என்று வீடுகளில் சொல்கிறார்கள். இந்த வாக்கியங்களில் எழுவாய் எப்போதும் குழந்தைதான் என்பதைப் பாருங்கள். பாட்டி பிள்ளையிடம் ஒட்டினாள் என்று யாரும் சொல்வதில்லை. போல்பி கட்டுரை எழுதி விளக்க வேண்டியிருந்த திசை, நம் வினைச்சொல்லிலேயே இருக்கிறது. பழமையும் உண்டு. “நட்டார்போல் நல்லவை சொல்லினும் ஒட்டார்சொல் ஒல்லை உணரப் படும்” என்ற குறளில் ஒட்டார் என்பவர் மனம் சேராதவர், பகைவர். பசை தடவி ஒட்டுவது மட்டும்தான் ஒட்டுதல் என்று தயங்க வேண்டியதில்லை.

குழந்தை ஒட்டிக்கொள்ளும் அந்த ஆளுக்கும் ஒரு பெயர் வேண்டும். ‘பற்றுக்கோடு’ என்ற பழைய சொல் அதற்கென்றே இருப்பதுபோல் இருக்கிறது. கோடு என்றால் கிளை, கொம்பு. கொடி பிடித்து ஏறுவதற்கு நட்ட கொம்பை நினைத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சு முளைக்குச்சியில் கன்றுக்குட்டி கட்டப்படுகிறது. பற்றுக்கோட்டைக் கொடி தானே தேடிப் பிடிக்கிறது.

அதை நேரில் பார்க்க வேண்டுமானால் தவழும் குழந்தை இருக்கும் எந்த வீட்டுக்கும் போகலாம். என் அக்கா பேத்தி நிலைப்படி வரை தவழ்ந்து போவாள். அங்கே நின்று திரும்பி, கீரை ஆய்ந்துகொண்டிருக்கும் அம்மாவைப் பார்ப்பாள். அம்மா அங்கேயே இருக்கிறாள் என்று தெரிந்ததும் படியைத் தாண்டிப்போய் ஒரு செருப்பை எடுப்பாள். குக்கர் விசில் அடித்தால் செருப்பைப் போட்டுவிட்டு விறுவிறுவென்று வந்து புடவையைப் பிடித்துக்கொள்வாள். இரண்டு நிமிடத்தில் மறுபடி நிலைப்படி. ஒட்டுதல் பலமாக இருப்பதால்தான் அவளால் அவ்வளவு தூரம் போக முடிகிறது.

போல்பியோடு பணியாற்றிய உளவியலாளர் மேரி எயின்ஸ்வொர்த் இதைக் கவனித்தது உகாண்டாவில், 1954-இல் அங்கே போய், கம்பாலாவைச் சுற்றிய ஊர்களில் 26 குடும்பங்களின் வீட்டுக்கே சென்று பார்த்தபோது. பிறகு அமெரிக்காவின் பால்டிமோரில் ஏறக்குறைய 20 நிமிடம் நடக்கும் ஒரு சோதனையை அமைத்தார். புது அறை, விளையாட்டுச் சாமான், அறிமுகமில்லாத ஒரு பெண். தாய் இரண்டு முறை வெளியே போய்த் திரும்புவார். அவர் போகும்போது குழந்தை எவ்வளவு அழுகிறது என்பதைவிட, திரும்பி வந்ததும் என்ன செய்கிறது என்பதுதான் முக்கியம். வந்தவரிடம் ஓடி, சமாதானமாகி, மறுபடி விளையாடப் போகும் குழந்தை ஒரு வகை. இதை நம்பிக்கை ஒட்டுதல் என்பேன். தூக்கச் சொல்லிக் கையை நீட்டிவிட்டு, தூக்கியதும் உதைத்துத் திமிறும் குழந்தையுடையது தவிப்பு ஒட்டுதல். தாய் வந்ததையே கண்டுகொள்ளாமல் பொம்மையைப் பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தையுடையது விலகல் ஒட்டுதல். 1988-இல் 8 நாடுகளின் முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது எல்லா நாட்டிலும் முதல் வகையே அதிகம் இருந்தது. நாட்டுக்கு நாடு இருந்த வேறுபாட்டைவிட ஒரே நாட்டுக்குள் இருந்த வேறுபாடு பெரிதாக இருந்தது.

மூன்றாம் வகைக் குழந்தையை நாம் ‘சமத்து’ என்போம். ஆனால் இப்படி அமைதியாக இருக்கும் குழந்தைகளின் இதயத் துடிப்பை அளந்தபோது, அழுகிற குழந்தைகளைப் போலவே அவர்களும் உள்ளே பதறுவது தெரிந்தது.

‘ஒட்டுதல்’ வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுதான் உண்மையான காரணம். அதன் அக்கம்பக்கச் சொற்களும் நம்மிடம் இருக்கின்றன. எட்டு, ஒன்பது மாதத்தில் புது ஆளைக் கண்டு வீறிடும் குழந்தையைப் பார்த்து “வேத்துமுகம் வந்திருச்சு” என்கிறார்கள். ஆள் அடையாளம் தெரிந்துவிட்டது, ஒட்டுதல் தொடங்கிவிட்டது என்பதற்கு அதைவிட நல்ல பெயர் ஆய்விலும் இல்லை. தாயைப் பிரிந்து சோர்ந்து கிடந்தால் “ஏங்கிப் போச்சு” என்கிறார்கள். போல்பியோடு பணியாற்றிய இன்னொருவரான ஜேம்ஸ் ராபர்ட்சன், இங்கிலாந்தில் மருத்துவமனையில் தனியாக விடப்பட்ட குழந்தைகளிடம் கண்டதும் இதைத்தான். முதலில் அழுது ஆர்ப்பாட்டம், அப்புறம் ஏக்கம், கடைசியில் ஒரு விலகல். பெற்றோரை வாரத்தில் சில மணி நேரம்தான் பார்க்கவிட்ட காலம் அது. அந்தக் கடைசி நிலையைப் பார்த்துவிட்டு, குழந்தை சரியாகிவிட்டது என்று செவிலியர்கள் நினைத்தார்கள். எட்டு நாள் மருத்துவமனையில் இருந்த இரண்டு வயதுக் குழந்தையை 1952-இல் அவர் படமாக எடுத்துக் காட்டினார். 1959-இல் அரசுக் குழு ஒன்று, பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று பரிந்துரைத்தது.

நாமும் பால்வாடியில் பத்து நாள் அழுதுவிட்டு ஓய்ந்த குழந்தையைப் பார்த்து “பழகிருச்சு” என்கிறோம். அன்றைய பயிற்சியில் இதைச் சொல்லிவிட்டு, உங்கள் பிள்ளைகளில் யார் பழகியவர், யார் ஒட்டியவர், யார் ஏங்கிப்போனவர் என்று கேட்டேன். இணைப்பு எதோடு என்று கேட்ட அதே ஆசிரியைதான் முதலில் கையைத் தூக்கினார். ஒரு பையன் வந்த மூன்றாம் நாளே அழுகையை நிறுத்திவிட்டான். ஆனால் கீழே விழுந்து முட்டி தேய்ந்தபோதுகூட யாரிடமும் வரவில்லை, சுவரோரமாகப் போய் உட்கார்ந்துகொண்டான் என்றார். “அவன் ஏங்கிப் போயிருக்கான் டீச்சர். நான் பழகிட்டான்னு எழுதி வெச்சிருக்கேன்.”