பிரஷர் நார்மலாகிவிட்டது, மாத்திரையை நிறுத்தலாமா?

"பிரஷர் நார்மல்னு நீங்கதானே டாக்டர் சொன்னீங்க? அதான் நிறுத்திட்டேன்." மூன்று மாதம் கழித்து வந்த அம்மா, பாதிகூடப் பிரிக்காத மாத்திரை அட்டையை மேஜைமேல் வைத்தார். அன்று அளந்தபோது 180/110.

இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கைட்டன் நினைவுக்கு வருவார். எம்.பி.பி.எஸ். முதலாண்டில் உடலியங்கியல் பாடநூலை நாங்கள் அவர் பெயரால்தான் சொல்வோம்: "கைட்டன் படிச்சிட்டியா?"

இதய அறுவை மருத்துவராகும் கனவோடு பாஸ்டனில் பயிற்சியில் இருந்த ஆர்தர் கைட்டனை 1946-இல் போலியோ தாக்கியது. காலும் தோள்களும் வலுவிழந்ததால் அறுவை சிகிச்சைக்கு வழியில்லாமல் போனது. சொந்த ஊரான, அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்து ஆக்ஸ்போர்டுக்குத் திரும்பி, உடலியங்கியல் கற்பிக்கத் தொடங்கினார். 1956-இல் அவருடைய பாடநூல் வந்தது. முதல் எட்டுப் பதிப்புகளையும் தனி ஒருவராகவே எழுதினார். இவ்வளவு பெரிய மருத்துவ நூலை ஒரே கை எழுதுவது அபூர்வம். அதனால்தான் இதயத்தில் தொடங்கும் பேச்சு, சிறுநீரகம்வரை அறுபடாமல் போகிறது.

அவர் வாழ்நாள் ஆராய்ச்சியும் அந்தப் பாதையில்தான். ரத்த அழுத்தம் ஏறினால் சிறுநீரகம் உப்பையும் நீரையும் கூடுதலாக வெளியேற்றி அதை இறக்கிவிடும். அப்படியானால் சிலருக்கு ஏன் வருடக்கணக்கில் ஏறியே இருக்கிறது? அவர்களுடைய சிறுநீரகம், அழுத்தம் கூடினால்தான் அன்றாட உப்பை வெளியேற்ற முடியும் என்ற நிலைக்கு மாறிவிட்டது என்றார் கைட்டன். 1972-இல் ரத்த ஓட்டக் கட்டுப்பாடு முழுவதையும் நூற்றுக்கணக்கான சமன்பாடுகளாக்கிக் கணினியில் ஓட்டியும் காட்டினார். இன்றும் வாதம் ஓயாத துறை இது. ஆனாலும் என் மேஜைக்கு வரும் நோயாளிகளுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியாது.

அந்த அம்மாவுக்கும் இதைத்தான் சீட்டின் பின்பக்கம் வரைந்து காட்டினேன். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்வரை அளவு இறங்கியிருக்கும். விட்டால் பழைய இடத்துக்கே ஏறும். பெரும்பாலும் தலைவலி, மயக்கம் எதுவும் வந்து எச்சரிக்காது. எடையும் உப்பும் குறைந்து, மாத்திரையைக் குறைக்க முடிகிறவர்களும் உண்டு. அதை மருத்துவர் அளந்து பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

"அப்போ ஊறுகாய்?" என்றார். நாளுக்கு ஒரு டீஸ்பூனுக்குள், அதாவது 5 கிராமுக்குள், உப்பு இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழம்பு, அப்பளம், கருவாடு, ஊறுகாய் எல்லாமே அந்தக் கணக்குக்குள் அடங்க வேண்டும்.

அடுத்த மாதம் 138/86. இந்த முறை அட்டை காலியாக இருந்தது.