நாற்றுக்கு வருவது அழுத்தமா, முடையா?

காய்கறி நாற்று வளர்ப்புப் பயிற்சி ஒன்றில் கொடுத்த கையேட்டில், ஒரே பக்கத்தில் நான்கு இடங்களில் 'வறட்சி அழுத்தம்' என்று அச்சிட்டிருந்தார்கள். ஐந்தாவது இடத்தில் அது 'வறட்சி மன அழுத்தம்' ஆகிவிட்டது. பக்கத்தில் இருந்த விவசாயி அந்த வரியில் விரலை வைத்து, "இது மனிதருக்கு வருவது அல்லவா?" என்று கேட்டார். 'ஸ்டிரெஸ்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு 'அழுத்தம்' என்று எழுதுவதைப் பல ஆண்டுகளாகப் பொறுத்து வந்தேன். இனி முடியாது.

'ஸ்டிரெஸ்' என்பது, இறுகக் கட்டுதலைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. முதலில் துன்பம், இடுக்கண் என்ற பொருள். 19ஆம் நூற்றாண்டில் பொறியியலார் அதை எடுத்துக்கொண்டு, பொருள்மேல் வரும் விசையையும் அதனால் நேரும் உருமாற்றத்தையும் தனித்தனிச் சொல்லால் பிரித்தார்கள். 20ஆம் நூற்றாண்டில் மருத்துவ ஆய்வாளர் ஹான்ஸ் செலியே உடலியலில் பரப்பினார். 1972இல் தாவர உடலியலாளர் ஜேக்கப் லெவிட் அந்தப் பொறியியல் பிரிவினையைச் செடிகளுக்குப் பொருத்தி விரிவாக எழுதினார்: வெளியிலிருந்து வந்து தாக்குவது ஒன்று, அதனால் செடிக்குள் நேர்வது மற்றொன்று.

நம் மொழிபெயர்ப்பாளர்களோ மருத்துவப் பக்கத்திலிருந்த 'அழுத்தம்' என்ற சொல்லை அப்படியே பெயர்த்து வயலில் நட்டுவிட்டார்கள். தாவரவியலில் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே ஒரு வேலை உண்டு: விறைப்பழுத்தம். இளம் நாற்றில் கட்டை ஏறியிருக்காது. செல்களுக்குள் இருக்கும் நீரின் அழுத்தம்தான் அதை நிமிர்த்தி வைக்கிறது. கார் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைவிட அது அதிகமாகவே இருக்கும். நீர் குறைந்தால் அந்த அழுத்தம் இறங்குகிறது. செடிக்குள் அழுத்தம் இறங்கும் நிலைக்கு 'அழுத்தம்' என்றே பெயர் வைத்தால், 'வறட்சி அழுத்தம் கூடக் கூட விறைப்பழுத்தம் குறையும்' என்று படிக்கும் மாணவன் எதைப் புரிந்துகொள்வான்?

'ஸ்டிரெஸ்' என்பதற்கு இயற்பியல் பாடநூல் தரும் 'தகைவு' நல்ல தமிழ்தான். ஆனால் இரும்புக் கம்பிக்குப் பழகிப்போன அந்தச் சொல்லை நாற்றங்காலில் சொன்னால் ஒருவருக்கும் விளங்காது. விளங்காத தூய தமிழைவிட விளங்கும் தமிழே எனக்கு வேண்டும்.

'வாட்டம்' என்றால் போதாதா? தாமதமாகிவிடும். நாற்று வளரும் 98 குழித் தட்டைத் தினமும் கையாளும் பெண்கள் இலையைப் பார்த்து நீர் ஊற்றுவதில்லை. தட்டை ஓர் ஓரத்தில் சற்றே தூக்கிப் பார்ப்பார்கள். தென்னை நார்க்கழிவு காய்ந்திருந்தால் எடையே சொல்லிவிடும். அப்போது இலை நிமிர்ந்துதான் நிற்கும். ஆனால் உள்ளே வேலை தொடங்கியிருக்கும். இளந்தளிர் விரிவது மட்டுப்படுகிறது. அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் பெருகி, இலைத்துளைகளின் இருபுறமும் உள்ள காப்புச் செல்கள் தளர்ந்து, துளைகள் மூடுகின்றன. நீர் வெளியேறுவது குறைகிறது, கரியமில வாயு உள்ளே வருவதும் குறைகிறது, அதனால் உணவு தயாரிப்பும் குறைகிறது. தயாராகும் உணவில் வேருக்குப் போகும் பங்கு கூடுகிறது. புரோலின் என்ற அமினோ அமிலம் போன்றவை செல்லில் சேர்ந்து, இருக்கும் நீரை இழுத்துப் பிடிக்கின்றன. இத்தனையும் போதாமல் போகும்போதுதான் நாற்று துவள்கிறது.

ஆகவே வெளியிலிருந்து வருவதற்கு 'நீர்முடை', அதனால் உள்ளே நேர்வது முற்றி இலையில் தெரிவதற்கு 'வாட்டம்'. லெவிட் பிரித்துக் காட்டிய இரண்டுக்கும் இரண்டு சொற்கள். பணமுடை என்று எல்லோரும் சொல்கிறோம். கையில் இருப்பது தேவைக்குப் போதாத நெருக்கடி அது. நாற்றின் நிலையும் அதுவே. முடைநாற்றம் நினைவுக்கு வராதா என்று ஒரு நண்பர் கேட்டார். பணமுடை என்னும்போது யாருக்கும் வருவதில்லையே. உப்பு மிகுந்தால், வெயில் கொளுத்தினால் என்ன சொல்வது? அங்கே முடை பொருந்தாது. உப்புத் தாக்கம், வெப்பத் தாக்கம் என்று எழுதலாம். ஆங்கிலத்தில் ஒரே சொல் இருப்பதால் தமிழிலும் ஒரே சொல் வேண்டும் என்ற கட்டாயம் எங்கிருந்து வந்தது?

நடவுக்கு முன் நீரைக் குறைத்து நாற்றைத் திடப்படுத்துவதையும் அந்தக் கையேடு 'அழுத்தப் பயிற்சி' என்றே எழுதியிருந்தது. நிலத்தைக் காயவிட்டுப் பிறகு பாய்ச்சி, காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடும் உழவர்களிடம் 'காய்ச்சல்' என்ற சொல் இருக்கிறது. வயலுக்கு ஒருமுறை போயிருந்தால் காதில் விழுந்திருக்கும்.

அந்தப் பக்கத்தைத் திருத்தி அமைப்பாளரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். 'வறட்சி அழுத்த மேலாண்மை' என்ற தலைப்பை அடித்துவிட்டு இப்படி எழுதினேன்: 'நடவுக்குச் சில நாள் முன்பிருந்து நாற்றுக்கு அளவாகக் காய்ச்சல் கொடுங்கள். நீர்முடை நீண்டு வாட்டம் கண்டால் உடனே நீர் தெளியுங்கள்.'