பாதிரியார் என்ற சொல்

'பாதிரி' போர்ச்சுகீசியச் சொல். அம்மொழியில் 'பாத்ரெ', அதற்கு மூலம், தந்தையைக் குறிக்கும் 'பாத்தெர்' என்ற இலத்தீன் சொல். இன்றைய போர்ச்சுகீசியர் பெற்ற தகப்பனைப் 'பாய்' என்றே அழைக்கிறார்கள். 'பாத்ரெ' கோயில் குருவுக்கென்று ஒதுங்கிவிட்டது. தமிழுக்கு வந்ததும் அந்தப் பொருளில்தான்.

வந்த வழி கடல்வழி. 1530களில் தூத்துக்குடியை ஒட்டிய முத்துக்குளித்துறைக் கடற்கரையில் வாழ்ந்த பரதவர் கத்தோலிக்கம் தழுவினர். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் அந்தக் கடற்கரைக்கு வந்தார். குருமாரோடு அவர்களுடைய பட்டமும் ஊருக்குள் நுழைந்தது. 'த்ர' என்ற கூட்டொலி தமிழ் நாவுக்கு இணங்காததால் நடுவே ஓர் இகரம் புகுந்தது. ஈற்று எகரமும் இகரமாயிற்று. போர்ச்சுகீசிய 'மெஸ்த்ரெ' நம்மிடம் மேஸ்திரி ஆனதும் இப்படியே. பிறகு மரியாதைக்கு 'ஆர்' சேர்ந்து பாதிரியார், பன்மையில் பாதிரிமார். 'ஆர்' இல்லாத வெறும் 'பாதிரி' இன்று சற்று ஏளனமாகவே ஒலிக்கிறது.

கடலூரில் உள்ள திருப்பாதிரிப்புலியூரை இதனோடு முடிச்சுப் போட வேண்டாம். அது பாதிரி மரத்தால் வந்த பெயர். குறிஞ்சிப்பாட்டின் மலர் வரிசையிலேயே அந்தப் பூ இருக்கிறது. போர்ச்சுகீசியர் கப்பலேறுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அது அப்பர் பாடிய தலம்.

உண்மையான உறவு வேறிடத்தில் இருக்கிறது. 'பிதா, சுதன்' என்று செபத்தில் வரும் 'பிதா' வடமொழிச் சொல். அதுவும் இலத்தீன் 'பாத்தெரும்' ஒரே தொல்மொழியில் கிளைத்தவை. ஆக, பிதாவும் பாதிரியும் தூரத்துப் பங்காளிகள். ஒன்று தரைவழியும் மற்றது கடல்வழியும் வந்து ஒரே பீடத்தில் சந்தித்திருக்கின்றன.

தமிழில் என்ன சொல்லலாம்? பொதுவாகச் சொல்ல 'குரு', 'குருவானவர்' உண்டு. 'குரு' வடசொல்தான் என்றாலும் அதை யாரும் அயலாக எண்ணுவதில்லை. கத்தோலிக்கக் குருவின் பெயருக்கு முன் 'அருட்தந்தை' என்பதே மூலப்பொருளுக்கு மிக நெருக்கம். 'அருட்பணியாளர்' என்பது தகப்பன் உறவை விட்டுவிட்டுப் பணியைச் சொல்கிறது. சீர்திருத்தச் சபைகளில் போதகர், ஆயர் என்பார்கள். ஆனால் கத்தோலிக்கருக்கு 'ஆயர்' மறைமாவட்டத் தலைவர் என்பதால், செய்தி எழுதுவோர் எந்தச் சபை என்று பார்த்து எழுதுவது நல்லது.

புணர்ச்சி விதிப்படி அருள் + தந்தை 'அருட்டந்தை' ஆக வேண்டும் என்று புலவர்கள் சொல்வார்கள். விதி சரிதான். ஆயினும் 'தந்தை' கண்ணில் படாத 'அருட்டந்தை'யைவிட, அச்சில் நிலைத்துவிட்ட 'அருட்தந்தை'யையே நான் எழுதுகிறேன்.