மேப் மட்டும் ஏன் வெள்ளையாக வருகிறது?

வேளச்சேரி வாசகர் ஒருவரின் கேள்வி இது. நண்பரின் ஹோட்டல் இணையதளத்தில் ஃபீட்பேக் பட்டன் சேர்த்திருக்கிறார். யாராவது அமுக்கினால் புகாரோடு ஸ்கிரீன்ஷாட்டும் வருகிறது, ஆனால் மேப் இருக்கும் இடம் மட்டும் வெறும் வெள்ளை. ஏன்?

பட்டன் சேர்ப்பது சுலபம். சில வரி ஜாவாஸ்கிரிப்டை ஒட்டினால் போதும். பக்க முகவரி, பிரவுசர் வெர்ஷன், திரை அகலம் எல்லாம் புகாரோடு சேர்ந்தே போய்விடும். சரி, அந்தப் படம் எப்படி வருகிறது?

நீங்கள் அனுமதிக்காமல் திரையைப் படம்பிடிக்க பிரவுசர் எந்தத் தளத்தையும் விடாது. விட்டால், ஏற்கெனவே பார்த்த லிங்க் வேறு நிறத்தில் தெரிகிறதே, அதை வைத்தே நீங்கள் எங்கெல்லாம் போனீர்கள் என்று கண்டுபிடித்துவிடலாம். அதனால் ஹெச்டிஎம்எல்2கேன்வாஸ் போன்ற லைப்ரரிகள் (யாரோ எழுதி வைத்த, நாம் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்புகள்) படமே எடுப்பதில்லை, பக்கத்தைப் புதிதாக வரைகின்றன! பக்கத்து வீட்டுக் கோலத்தைப் பார்த்துப் பார்த்து நம் வாசலில் போடுவதைப் போல, பக்கத்தில் உள்ள தலைப்பு, பட்டன், படம் என ஒவ்வொரு உறுப்பிடமும் போய், நீ எங்கே இருக்கிறாய், எவ்வளவு அகலம், என்ன நிறம், என்ன எழுத்துரு என்று கேட்டு, எது அடியில் எது மேலே என்ற வரிசை பிசகாமல், கேன்வாஸில், அதாவது பிரவுசர் தரும் வரைபலகையில், ஒவ்வொன்றாகத் தீட்டி, கடைசியில் பிஎன்ஜி கோப்பாக்கித் தருகின்றன. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை. இவ்வளவு உழைப்பும் இலவசம். இதை வைத்துச் சம்பாதிக்கும் நிறுவனங்கள் எழுதியவர்களுக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மேப் பெரும்பாலும் ஐஃப்ரேமுக்குள், அதாவது பக்கத்துக்குள் இன்னொரு பக்கத்தைக் காட்டும் சட்டத்துக்குள், வேறொரு தளத்திலிருந்து வருவது. அதற்குள் எட்டிப்பார்க்க நம் ஸ்கிரிப்டுக்கு உரிமை இல்லை, கேட்க முடியாததை வரையவும் முடியாது. வேறு சர்வரின் போட்டோவுக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். அந்த சர்வர் அனுமதி தராமல் அதைக் கேன்வாஸில் வரைந்தால், பிரவுசர் அந்தக் கேன்வாஸையே கறைபட்டதாகக் குறித்துவிடும், அப்புறம் கோப்பாக வெளியே எடுக்க முடியாது.

அனுமதி கேட்டு நிஜத் திரையையே பிடிக்கும் வசதி பிரவுசரில் உண்டு, ஆனால் மொபைல் பிரவுசர்களில் அதை நம்ப முடியாது, ஹோட்டல் வாடிக்கையாளர்களோ பெரும்பாலும் மொபைலில்தான் வருவார்கள். மேப்பின் நிலையான படம் ஒன்றை, உரிமம் பார்த்து, சொந்த சர்வரிலேயே வைப்பது நல்லது. கூடவே, ஆர்டர் படிவத்தில் இருக்கும் போன் நம்பரும் வீட்டு முகவரியும் புகாரோடு வரும் ஸ்கிரீன்ஷாட்டில் வந்து விழும் என்பதால், அந்தக் கட்டங்களை வரையாமல் விடச் சொல்லும் குறியீட்டை இன்றைக்கே சேர்த்துவிடுங்கள்.