நான்கு பெல்ட், ஒரே இடுப்பு

2024 மே 18, ரியாத். குத்துச்சண்டை ரிங். ஒன்பதாவது ரவுண்டில் உக்ரைன் வீரர் ஒலெக்சாண்டர் உசிக்கின் இடது கை அடுத்தடுத்து இறங்க, பிரிட்டன் வீரர் டைசன் ஃபியூரி தள்ளாடிக் கயிற்றில் போய் விழுந்தார். கயிறு தாங்கியதால்தான் நிற்கிறார் என்று கருதிய நடுவர் எட்டு வரை எண்ணினார். ஃபியூரி அந்த ரவுண்டைத் தாண்டிவிட்டார். ஆனால் மூன்று நீதிபதிகளில் இருவர் உசிக் பக்கம். லெனாக்ஸ் லூயிஸுக்கு (1999) அப்புறம், அதிக எடைக்காரர்களின் பிரிவான ஹெவிவெயிட்டில் பெரிய பட்டங்கள் எல்லாம் ஒருவரிடமே சேர்ந்தது அன்றுதான். இப்படிச் சேர்த்தவரைத்தான் 'அன்டிஸ்பியூட்டட்' சாம்பியன் என்கிறார்கள். அந்த எடைக்கு அவர் ஒருவர்தான், வேறு யாரும் உரிமை கோர முடியாது.

சரி, இதற்கு ஏன் 25 ஆண்டுகள்? தொழில்முறைக் குத்துச்சண்டைக்குத் தலைமை என்று ஒன்று கிடையாது. டபிள்யூபிஏ, டபிள்யூபிசி, ஐபிஎஃப், டபிள்யூபிஓ என நான்கு அமைப்புகள். ஆளுக்கொரு தரவரிசை, ஆளுக்கொரு பட்டம், அதற்கு அடையாளமாக ஆளுக்கொரு பெல்ட். 1983-இல் வந்த ஐபிஎஃப், 1988-இல் வந்த டபிள்யூபிஓ இரண்டுமே டபிள்யூபிஏவிலிருந்து பிரிந்தவர்கள் தொடங்கியவை. நான்கையும் முதலில் ஒன்றுசேர்த்தவர் மிடில்வெயிட் வீரர் பெர்னார்ட் ஹாப்கின்ஸ், 2004-இல். லூயிஸ் காலத்தில் டபிள்யூபிஓவைப் பெரிதாக யாரும் எண்ணவில்லை. அவருக்கு மூன்றே போதுமாக இருந்தது.

வெல்வதைவிட வைத்திருப்பதுதான் பெரும்பாடு. ஒவ்வோர் அமைப்பும் ஒரு கட்டாய எதிராளியை நிறுத்தி, குறித்த காலத்துக்குள் அவரோடு மோதச் சொல்கிறது. பட்டச் சண்டை ஒவ்வொன்றுக்கும் அமைப்புக்குக் கட்டணமும் உண்டு. பெரிய சாம்பியன்கள் இப்போதெல்லாம் ஆண்டுக்கு இரண்டு சண்டை போட்டாலே அதிகம். நான்கு அமைப்புகள் நிறுத்தும் எதிராளிகளையும் ஒருவர் எப்படிச் சந்தித்துத் தீர்ப்பார்? 1978-இல் முகமது அலியை வென்ற லியோன் ஸ்பிங்க்ஸ், டபிள்யூபிசி மோதச் சொன்ன கென் நார்ட்டனை விட்டுவிட்டு அலியோடு மறுபடி மோத ஒப்புக்கொண்டார். டபிள்யூபிசி தன் பட்டத்தை அவரிடமிருந்து பறித்துவிட்டது. ரிங்கில் தோற்காதவனிடமிருந்து காகிதத்தால் பட்டத்தை எடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் அந்த விதியே இல்லாவிட்டால், தனக்கு வசதியான எதிராளிகளோடு மட்டும் மோதிக் காலம் தள்ளும் சாம்பியனை யார் கேட்பது?

உசிக்குக்கும் அதே நெருக்கடிதான் வந்தது. ஃபியூரியுடன் மறுசண்டைக்கு ஒப்பந்தம் இருந்தது, ஐபிஎஃப்போ டேனியல் டுபுவாவை நிறுத்தியிருந்தது. வென்ற மறுமாதமே ஐபிஎஃப் பெல்ட்டை விட்டுக்கொடுத்தார். 2025 ஜூலையில் வெம்பிளியில் அதே டுபுவாவை ஐந்தாவது ரவுண்டில் வீழ்த்தி நான்கையும் மறுபடி சேர்த்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் டபிள்யூபிஓ பெல்ட்டையும் துறந்தார். அந்த அமைப்பின் இடைக்காலப் பட்டம் (சாம்பியனுக்கு அடுத்த நிலை) வைத்திருந்த ஃபேபியோ வார்ட்லி, உசிக்கோடு ஒரு குத்துகூடப் பரிமாறாமல் முழுச் சாம்பியன் ஆனார்.