மசிவது வேறு, இளகுவது வேறு

கடினம் என்பதற்கு எதிர்ச்சொல் கேட்டால் மென்மை என்று எழுதி மதிப்பெண் வாங்கிவிடலாம். அடுப்படியிலும் பட்டறையிலும் அந்த ஒரு சொல் போதாது. பருப்பு மசிகிறது, சோறு குழைகிறது, செம்புக் கம்பி இளகுகிறது. சொல் மாறுவது வெறும் பேச்சு வழக்கு அல்ல. ஒவ்வொன்றிலும் உள்ளே நடக்கும் காரியமே வேறு.

முதலில் பருப்பு. துவரம்பருப்பின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருப்பது பெக்டின் என்ற பசை. அந்தப் பசையின் நீண்ட இழைகளை இடையிடையே தைத்துப் பிடித்திருப்பவை கால்சியம், மக்னீசியம் அயனிகள். சூட்டில் இழைகள் அறுந்து, தையல் விட்டு, செல்கள் தனித்தனியே பிரிவதைத்தான் மசிந்தது என்கிறோம். செல்கள் பெரும்பாலும் உடைவதில்லை, பிரிகின்றன, அவ்வளவுதான்.

இதைத் தெரிந்துகொண்டால் பருப்பு ஏன் வேகாமல் அடம்பிடிக்கிறது என்பதும் தெரிந்துவிடும். போர்வெல் தண்ணீரில் கால்சியம் அதிகம். வேகவேக ஒரு பக்கம் இழை அறுகிறது, இன்னொரு பக்கம் தண்ணீரிலிருந்து வரும் கால்சியம் புதிதாகத் தைத்துக்கொண்டே இருக்கிறது. அந்தத் தண்ணீரை நன்றாகக் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, அடியில் படியும் வெள்ளைப் பொடியைக் கலக்காமல் மேலே தெளிந்ததை மட்டும் இறுத்து எடுத்தால் கடினத்தன்மையில் ஒரு பகுதி குறையும். பைகார்பனேட்டாக இருக்கும் கால்சியம் மட்டுமே இப்படிப் படியும். சல்பேட்டாக இருப்பது எவ்வளவு கொதித்தாலும் போகாது. அதற்கு வேறு தண்ணீர்தான் தேட வேண்டும்.

புளியின் வேலை வேறு. அமிலத்தில் பெக்டின் இழைகள் மெதுவாகத்தான் அறுகின்றன. அதனால்தான் பருப்பை மசியவிட்ட பிறகு புளி கரைத்து ஊற்றுகிறோம். முதலிலேயே ஊற்றினால் அரை மணி நேரம் கழித்தும் பருப்பு முழுசாகவே நிற்கும். புளிக்குழம்பில் கத்தரிக்காய் கரைந்துபோகாமல் துண்டாக நிற்பதற்கும் இதே புளிதான் காரணம். அங்கே அது நமக்கு வசதி, இங்கே தொல்லை.

சமையல் சோடா நேர் எதிர். காரத்தன்மை கூடினால் இழைகள் வேகமாக அறும். ஒரு லிட்டருக்குக் கால் டீஸ்பூனைத் தாண்டினால் சோப்பு வாடை வரும், பருப்பு கூழாகிவிடும், தயமின் என்ற பி1 வைட்டமினும் அழியும். கொண்டைக்கடலைக்கு இதைவிட நல்ல வழி உப்பு. லிட்டருக்கு 15 கிராம் உப்புப் போட்டு இரவு முழுக்க ஊறவிட்டால் சோடியம் உள்ளே போய் கால்சியத்தை இடம்பெயர்க்கும். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, அலசி வேகவையுங்கள். உப்புப் போட்டால் கடலை வேகாது என்ற பழைய எச்சரிக்கையை நம்ப வேண்டாம்.

பழைய கடலை மட்டும் தனி வழக்கு. வெப்பமும் ஈரமும் உள்ள இடத்தில் மாதக்கணக்கில் கிடந்தால், விதைக்குள் பைட்டேட் என்ற சேர்மமாகக் கட்டுண்டிருந்த கால்சியமும் மக்னீசியமும் மெல்ல விடுபட்டுப் பெக்டினில் போய் ஒட்டிக்கொள்கின்றன. அப்படி இறுகியதற்குக் குக்கர்தான் வழி. அழுத்தத்தில் தண்ணீர் 100-க்குப் பதில் ஏறத்தாழ 120 டிகிரியில் கொதிப்பதால் இழை அறும் வேகம் பல மடங்கு கூடுகிறது.

சோற்றில் நடப்பது பசையின் கதை அல்ல, மாவின் கதை. அரிசியின் மாவுத் துகள்கள் ஏறத்தாழ 65 முதல் 75 டிகிரியில் தண்ணீரைக் குடித்து உப்பி, ஒழுங்கு குலைகின்றன. அதுவே குழைவு. ஆறியதும் மாவின் இழைகள் மறுபடி அணிவகுக்கத் தொடங்குகின்றன. ஃபிரிட்ஜில் வைத்த சோறு விறைப்பது காய்ந்துபோனதால் அல்ல, இதனால்தான். கொஞ்சம் தண்ணீர் தெளித்துச் சூடாக்கினால் பெருமளவு திரும்பக் குழையும்.

இனி இளகுதல். செம்புக் கம்பியை ஒரு தடவை வளைப்பது சுலபம். அதே இடத்தில் நிமிர்த்திப் பார்த்தால் பிடிவாதம் காட்டும். உலோகம் வளையும்போது அணு அடுக்கு முழுவதும் ஒரே மூச்சில் நகர்வதில்லை. அடுக்கில் உள்ள வரிசைப் பிசகு ஒன்று, பாயில் விழுந்த மடிப்பு நகர்வதுபோல, வரி வரியாக நகர்கிறது. 1934-இல் டெய்லர், ஓரோவான், பொலானி என்ற விஞ்ஞானிகள் மூவரும் தனித்தனியே இதைச் சொன்னார்கள். வளைக்க வளைக்க, அடிக்க அடிக்க, புதுப் பிசகுகள் பெருகி ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. நூல்கண்டில் சிக்கு விழுந்த கதைதான். நகர வழியில்லாமல் உலோகம் விறைக்கிறது. மேலும் அடித்தால் கீறும்.

பாத்திரம் அடிப்பவர் நடுநடுவே தகட்டை நெருப்பில் காட்டுவது இதற்காக. பழுக்கக் காய்ச்சும்போது சிக்கு விழுந்த பழைய படிகங்களைத் தின்று, சிக்கில்லாத புதுப் படிகங்கள் வளர்கின்றன. வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு சாண் செம்புக் கம்பியின் மேலுள்ள பிளாஸ்டிக் உறையை முழுதும் உரித்துவிடுங்கள். எரிந்தால் நச்சுப் புகை வரும். ஒரு முனையை வைஸில் பிடித்து, மறுமுனையை இடுக்கியால் இருபது சுற்று முறுக்கினால் கம்பி விறைப்பாகும். இருட்டான இடத்தில் அடுப்புச் சுவாலையில் மங்கிய சிவப்பு தெரியும்வரை காட்டித் தண்ணீரில் முக்குங்கள். கருப்புச் செதில் உதிரும். கம்பி கயிறுபோல் தொங்கும். ரொம்ப நேரம் காய்ச்சினால் படிகங்கள் அளவுமீறிப் பெருத்து, அடுத்து வளைக்கையில் மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல்போலச் சொரசொரப்பாகும்.

இதையே அரிவாளுக்குச் செய்தால் முடிந்தது கதை. கரி மிகுந்த எஃகைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்குவதுதான் தோய்ச்சல். அது இறுகும், இளகாது. சூட்டில் இரும்புக்குள் கரைந்த கரி வெளியேற நேரமில்லாமல் சிறைப்பட்டு, படிகத்தையே இழுத்துக் கோணலாக்கிவிடுகிறது. எஃகை இளக்க வேண்டுமானால் காந்தம் ஒட்டாத சூடு, அதாவது ஏறத்தாழ 770 டிகிரி தாண்டும்வரை காய்ச்சி, உலர்ந்த சாம்பலுக்குள் புதைத்து ராத்திரி முழுக்க ஆறவிட வேண்டும். சாம்பலில் ஈரம் இருந்தால் அங்கங்கே இறுகி, அரம் வழுக்கும்.

கடைசியாக நெகிழ்வு. வீட்டுச் சுவரில் போகும் பிவிசி பைப்பும், தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் வளையும் டியூபும் ஒரே பிளாஸ்டிக். டியூபில் எண்ணெய் போன்ற நெகிழ்வூட்டி கலந்திருக்கிறது. அது நீண்ட இழைகளுக்கு நடுவே புகுந்து அவற்றை வழுக்கவிடுகிறது. இழைகள் அறுவதும் இல்லை, படிகம் மாறுவதும் இல்லை. வெயிலில் வருஷக்கணக்கில் கிடந்த டியூப் ஒடிவதற்கு ஒரு காரணம், அந்த எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறியதுதான். அதை வெந்நீரில் போட்டால் அந்த நேரத்துக்கு வளையும், குழாய் முனையில் மாட்டிவிடலாம். ஆறியதும் பழையபடி விறைத்துக்கொண்டு, கிளிப் இறுக்கிய இடத்தில்தான் முதலில் வெடிக்கும்.